பெருவழியும் கிளைவழியும்
(மீர் சுல்தான் கான் வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

முன்னோர் கண்டறிந்தவற்றைக் கற்று, அவற்றின் தோள்மீது நின்று மேலும் ஓரடி எடுத்து வைப்பதே கல்வியின் இயல்பான நெறி. முன்னோர் தொகுத்த அறிவு எட்டாத தொலைவில் இருந்தால் ஒருவர் என்ன செய்வார்? சதுரங்கத்தின் தொடக்க நகர்வுகளைப் பற்றிய நூலறிவின்றி உலக அரங்கில் நுழைந்து, அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை எதிர்கொண்டவர் மீர் சுல்தான் கான். கற்றலில் நினைவாற்றலுக்கு உரிய இடம் எது, புரிதலுக்கு உரிய இடம் எது என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

தந்தை கற்பித்த ஆட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில், மித்தா திவானா என்னும் ஊரில் மீர் சுல்தான் கான் பிறந்தார். இவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஒன்பது வயதில் தம் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். இருபத்தொரு வயதை எட்டியபோது பஞ்சாபின் சிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்பட்டார்.

அப்பகுதியின் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் திவானா. இவர் முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றியவர். ஆங்கில அரசிடம் செல்வாக்குப் பெற்றவர். சதுரங்கத்தில் பேரார்வம் கொண்டவர். சுல்தான் கானின் திறனைக் கண்ட அவர், தம் ஆதரவில் வைத்துப் பயிற்சிக்கு வழிசெய்தார். 1928-ஆம் ஆண்டு நடைபெற்ற அனைத்திந்தியச் சதுரங்கப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றில் சமன்செய்து, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு சர் உமர் அலுவல் பொருட்டு இலண்டன் சென்றார். அவருடன் சுல்தான் கானும் கப்பலேறினார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது அவர் அறிந்த ஆட்டமன்று. பலகை ஒன்றே, காய்களும் அவையே, விதிகள் மட்டும் வேறு.

இரு சதுரங்கங்கள்

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றியது. பாரசீகம் வழியாகவும் அரபு நாடுகள் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தபோது அதன் விதிகள் மாறின. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அரசியும் மந்திரியும் ஐரோப்பாவில் நெடுந்தொலைவு பாயும் ஆற்றல் பெற்றன. அம்மாற்றம் பின்னாளில் இந்தியாவையும் எட்டியது. எனினும், வேறு சில விதிகளில் இந்திய ஆட்டம் தன் பழைய போக்கையே காத்து நின்றது.

ஐரோப்பிய ஆட்டத்தில் சிப்பாய் தன் முதல் நகர்வில் விரும்பினால் இரண்டு கட்டங்கள் செல்லலாம். இந்திய முறையில் சிப்பாய் பொதுவாக ஒவ்வொரு கட்டமாகவே நகர வேண்டும். ஐரோப்பிய ஆட்டத்தில் அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறி அரணமைக்கும் முறை உண்டு. அதனைக் கோட்டை கட்டுதல் என்பர். இந்திய முறையில் அதற்கு மாறாக, அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவிச் செல்லலாம். எதிர்முனையை எட்டிய சிப்பாய் எந்தக் காயாக உயர்வு பெறும் என்பதிலும் வேறுபாடு இருந்தது. ஐரோப்பிய முறையில் ஆட்டக்காரர் விரும்பிய காயைப் பெறலாம். இந்திய முறையிலோ சிப்பாய் எந்த வரிசையில் சென்று சேர்ந்ததோ, அவ்வரிசைக்குரிய காயாக அது மாறியது. இவ்விதிகளும் பகுதிக்குப் பகுதி மாறுபட்டு வழங்கின.

சிறியவையாகத் தோன்றும் இவ்வேறுபாடுகள் ஆட்டத்தின் இயல்பையே மாற்றுபவை. சிப்பாய்கள் ஒவ்வோர் அடியாக முன்னேறும்போது இரு படைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கே பல நகர்வுகள் ஆகும். அதுவரை ஆட்டக்காரர் தம் படையை நிதானமாக ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். தொடக்கத்தில் நேரும் ஒரு பிழை உடனே தோல்வியாக மாறுவதில்லை. ஐரோப்பிய ஆட்டத்திலோ முதல் நகர்விலேயே நடுவக் கட்டங்களுக்கான போர் தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் நகர்வில் செய்யும் பிழை பத்தாம் நகர்வில் உயிரைக் குடித்துவிடும். இந்திய ஆட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு இடையாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் பொறுமையும் நுட்பமும் வாய்த்திருக்கும். தொடக்க ஆட்டமோ அவருக்கு முற்றிலும் புதிய நிலம்.

திறப்பு என்னும் கலை

சதுரங்கத்தின் தொடக்க நகர்வுகளின் தொகுதியைத் திறப்பு என்பர். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக் காய்களுக்கு இருபது நகர்வுகள் இயலும். கருப்புக் காய்களுக்கும் அவ்வாறே இருபது. இருவரும் ஒருமுறை நகர்த்தி முடித்ததும் பலகையில் நானூறு விதமான நிலைகள் தோன்றக்கூடும். அடுத்தடுத்த நகர்வுகளில் இவ்வெண்ணிக்கை கணக்கிட்டு மாளாத அளவு பெருகும். இவற்றுள் எவை பயன் தருவன, எவை கேடு தருவன என்று ஒவ்வோர் ஆட்டக்காரரும் தாமே கண்டறிய முற்பட்டால் ஓர் ஆயுள் போதாது. எனவே, முன்பு ஆடியவர்களின் பட்டறிவு நூல்களாகத் தொகுக்கப்பட்டது.

ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ருய் லோபஸ் 1561-ஆம் ஆண்டிலேயே தொடக்க நகர்வுகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அவர் பெயரால் அமைந்த திறப்பு இன்றும் ஆடப்படுகிறது. 1843-ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் பில்குவர் தொடங்கிவைத்த பெருங்கையேடு வெளிவந்தது. 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தற்காலத் திறப்புகளைத் தொகுத்த நூல் ஒன்று வெளியாகிப் பல பதிப்புகள் கண்டது. சுல்தான் கான் இலண்டனில் கால்வைத்த காலத்தில், ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் இத்தகைய நூல்களின் துணையோடு வளர்ந்தவராகவே இருந்தார்.

ஒரு திறப்பைப் பெரிய ஆறு எனக் கொள்ளலாம். பெரும்பாலோர் ஆடும், பலமுறை சோதித்து நிறுவப்பட்ட நகர்வுகளின் வரிசை அதன் பெருவழி. அதிலிருந்து ஆங்காங்கே பிரிந்து செல்பவை கிளைவழிகள். எல்லாரும் ஆடுவதாலேயே பெருவழியை எதிராளியும் நன்கறிவார். அதனால், சிலர் வேண்டுமென்றே கிளைவழியில் இறங்குவர். எதிராளியின் மனனம் அங்கே பயன்படாது. இருவரும் தம் சொந்த அறிவையே நம்ப வேண்டியிருக்கும். ஆயினும், கிளைவழியில் துணிந்து செல்பவருக்கும் பெருவழி எது, அதனை விட்டு ஏன் விலகுகிறோம் என்னும் தெளிவு வேண்டும். தெளிவின்றி விலகுவது வழிதவறுதலே ஆகும்.

திறப்புகளைப் பயில்வோர் முதலில் நகர்வுகளை மனனம் செய்ய முற்படுவது இயல்பு. மனனம் செய்த வரிசையை எதிராளி மீறாதவரை அது துணைநிற்கும். மீறிய கணமே கைவிட்டுவிடும். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் உண்டு. நடுவக் கட்டங்களைக் கைக்கொள்ளுதல், காய்களை விரைந்து களத்திற்குக் கொண்டுவருதல், அரசனைக் காத்தல் ஆகிய மூன்றுமே எல்லாத் திறப்புகளுக்கும் அடிப்படை. எந்த நகர்வு இவற்றுள் எதற்குப் பயன்படுகிறது என்று அறிந்தவர், அறியாத நிலையிலும் ஏற்ற நகர்வைக் கண்டுகொள்வார்.

இலண்டனில் முதல் பாடம்

1929-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இலண்டனில் சுல்தான் கானுக்குப் பயிற்சியளிக்கும் நோக்குடன் ஒரு சிறு போட்டி நடத்தப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்தை மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. இந்தியாவில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெற்றவருக்கு இஃது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தோல்விக்குக் காரணம் திறனின்மை அன்று. திறப்புகளை அறிந்தவர் தம் முதல் பத்து நகர்வுகளைச் சில நிமிடங்களில் ஆடிவிடுவார்; அவர் ஆடுவது தலைமுறைகளின் உழைப்பு. அதனை அறியாதவர் அதே பத்து நகர்வுகளையும் தனியொருவராகச் சிந்தித்துக் கண்டாக வேண்டும். கடிகாரத்தின் முள் அவருக்காக நிற்பதில்லை. அவ்வாறு உழைத்து ஏற்ற நகர்வுகளைக் கண்டாலும், கடும்போர் தொடங்கும் வேளையில் அவருடைய நேரமும் மனவலிமையும் பெரிதும் செலவாகியிருக்கும். சுல்தான் கான் ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரே அமர்ந்திருந்த ஒருவருடன் மட்டும் பொருதவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற நூலகம் முழுவதையும் எதிர்கொண்டார்.

அப்போட்டியில் ஆடியவர்களுள் வில்லியம் விண்டர், ஃபிரெடரிக் யேட்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரர்கள். போட்டிக்குப் பின்னர் அவ்விருவரும் சுல்தான் கானுடன் அமர்ந்து பயிற்சி அளித்தனர். தம்மோடு போட்டியிடப் போகும் ஒருவருக்கே தாம் கற்றதைப் பகிர்ந்த அவர்களின் பெருந்தன்மை போற்றத்தக்கது. அதே ஆண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டன் சதுரங்க வாகையர் போட்டி நடைபெற்றது. சில மாதங்களுக்கு முன் கடைசி இடத்தில் நின்றவர் அதில் முதலிடம் பெற்றார்.

இம்மாற்றத்தைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். அத்துணைக் குறுகிய காலத்தில் திறப்பு நூல்கள் அனைத்தையும் ஒருவர் கற்றுவிட இயலாது. ஐரோப்பியத் திறப்புகளின் அடிப்படைப் போக்குகளைத் தேர்ந்தவர்களுடன் ஆடிப் பழகியதும், தொடக்கத்திலேயே வீழாமல் இடையாட்டத்தை எட்டுவதற்கு வேண்டிய அளவு அறிவைப் பெற்றதும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. இடையாட்டத்தை எட்டிவிட்டால் அது அவருடைய சொந்த நிலம். அங்கே நூலறிவைக் காட்டிலும் நுண்ணறிவே ஆட்சி செய்தது.

தெரிந்து தெளிவோம்

சதுரங்கத் திறப்புகளுள் ஒரு பிரிவு இந்தியத் தற்காப்பு என்று வழங்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்கத்தாவில் வாழ்ந்த ஜான் காக்ரன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், வங்காளத்தைச் சேர்ந்த மகேஷ்சந்திர பானர்ஜியுடன் பல ஆட்டங்கள் ஆடினார். இந்திய விதிகளில் பழகிய பானர்ஜி, சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தி ஆடுவது வழக்கம். அன்று விந்தையாகத் தோன்றிய இம்முறை இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிப் பெருவழியாயிற்று.

ஓரச் சிப்பாயின் ஓரடி

ராம்ஸ்கேட் வெற்றிக்குப் பின் தாயகம் திரும்பிய சுல்தான் கான், 1930-ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் ஐரோப்பா சென்றார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார். ஹாம்பர்க் நகரில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார். அவ்வாண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய போட்டி அவர் பெயரை உலகறியச் செய்தது.

அப்போட்டியில் கியூபா நாட்டின் ஹோசே ரவுல் கபாபிளாங்கா பங்கேற்றார். 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கிய அவர், ஓர் ஆட்டத்தில் தோற்றாலே அது செய்தியாகும் அளவுக்குத் தோல்வி அரிதானவர். சுல்தான் கான் வெள்ளைக் காய்களுடன் அவரை எதிர்கொண்டார். கபாபிளாங்கா தேர்ந்த தற்காப்பு, அரசியின் இந்தியத் தற்காப்பு. இந்தியர் ஒருவரை எதிர்த்து இந்தியாவின் பெயர் தாங்கிய தற்காப்பை அவர் ஆடியது வியப்பான பொருத்தம்.

நான்கு நகர்வுகள் முடிந்தன. ஐந்தாம் நகர்வில் சுல்தான் கான், அரசியின் பக்கத்தில் ஓரத்தில் நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னகர்த்தினார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வீணான நகர்வாகத் தோன்றும். நடுவக் கட்டங்களுடன் அதற்குத் தொடர்பில்லை. புதிய காய் எதனையும் அது களத்திற்குக் கொண்டுவரவில்லை. ஆயினும் அதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. அத்தற்காப்பில் கருப்பு மந்திரி முன்வந்து வெள்ளைக் குதிரையைத் தாக்குவது வழக்கம். குதிரைக்குப் பின்னால் அரசன் நிற்பதால் குதிரை அசைய இயலாமல் கட்டுண்டு போகும். நடுவக் கட்டங்களைக் காக்க வேண்டிய காய் இவ்வாறு செயலற்றுப் போவதே கருப்பின் நோக்கம். ஓரச் சிப்பாயின் ஓரடி அம்மந்திரி வரவேண்டிய கட்டத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. குதிரை கட்டுறாது, நடுவம் காக்கப்படும்.

ஆட்டம் நீண்டது. கபாபிளாங்கா தம் இரு யானைகளையும் எதிரணியின் எல்லைக்குள் செலுத்தினார். சுல்தான் கான் தம் அரசியைக் கொடுத்து அவ்விரு யானைகளையும் வீழ்த்தினார். அரசியை இழப்பது அஞ்சத்தக்கதே. எனினும், ஒழுங்குற இணைந்து செயல்படும் இரு யானைகள் தனித்து நிற்கும் அரசிக்கு ஈடுகொடுக்கும் என்பதை அவர் கணித்திருந்தார். பின்னர் அவசரமின்றித் தம் அரசனைக் காத்து, காய்களை ஒன்றோடொன்று இணைத்து, எதிராளியின் அரசிக்குச் செயற்பட இடமின்றிச் செய்தார். அறுபத்தைந்தாம் நகர்வில் வெற்றி அவருடையதாயிற்று. அப்போட்டியில் கபாபிளாங்கா அடைந்த ஒரே தோல்வி அதுவே. மாக்ஸ் யூவே முதலிடமும் கபாபிளாங்கா இரண்டாமிடமும் பெற, சுல்தான் கான் மூன்றாமிடம் பெற்றார். பின்னாளில் கபாபிளாங்கா, அறிமுகமற்ற விதிகளையும் திறப்புகளையும் கடந்து அவர் அடைந்த உயர்வை மேதைமையின் அடையாளமாகப் போற்றி எழுதினார்.

சுல்தான் கான் ஆடிய அந்த ஓரடி அன்று பெருவழி ஆகவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், உலக வாகையர் திக்ரான் பெத்ரோசியன் அதே கருத்தை எடுத்தாண்டார். அதனால் அக்கிளை அவர் பெயரால் வழங்கலாயிற்று. 1980-களில் காரி காஸ்பரோவ் அதனைக் கையிலேந்திப் பல வெற்றிகள் பெற்றபோது, உலகின் முன்னணி ஆட்டக்காரர் அனைவரும் அதனைக் கற்க வேண்டியதாயிற்று. ஒருவர் தனியே நடந்த கிளைவழி, அரை நூற்றாண்டில் பலர் நடக்கும் பெருவழியாக மாறியது. சிப்பாயை ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பழகிய இந்திய ஆட்டத்தின் பொறுமை அந்நகர்வில் வெளிப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வெற்றியும் அதன் விலையும்

1931-ஆம் ஆண்டு சனவரியில் தார்த்தகோவருடன் நடந்த பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் சுல்தான் கான் வென்றார். தார்த்தகோவர் திறப்புகளில் ஆழ்ந்த புலமை உடையவர். அரிய கிளைவழிகளைத் தேடித்தேடி ஆடுபவர். திறப்புகளைப் பற்றி நூல்கள் எழுதியவர். நான்கில் வெற்றி, மூன்றில் தோல்வி, ஐந்தில் சமன் என்னும் அத்தொடரின் முடிவு, நூல் வல்லவரையும் புரிதல் வெல்லும் என்பதற்குச் சான்றாயிற்று.

அவ்வாண்டே பிராக் நகரில் நடைபெற்ற ஒலிம்பியாடில், முதற்பலகையில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி என்னும் நிலையை எட்டினார். சாலோ ஃபுளோர், அகிபா ரூபின்ஸ்டீன் ஆகியோரை வென்றார். அன்றைய உலக வாகையர் அலெக்சாந்தர் அலேகினுடன் சமன்செய்தார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பிரிட்டன் வாகையர் பட்டம் பெற்றார். நான்கு முறை பங்கேற்று மூன்று முறை அப்பட்டத்தை வென்றவர் அவர். 1933-இல் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்பவரும் பிரிட்டன் மகளிர் வாகையர் பட்டத்தை வென்றார்.

இவ்வெற்றிகள் எளிதில் வந்தவை அல்ல. இங்கிலாந்தின் குளிர் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. மலேரியாக் காய்ச்சலும் சளியும் தொண்டைப் புண்ணும் அவரை இடைவிடாது வருத்தின. கழுத்தில் துணி சுற்றியபடி ஆட வந்த நாள்கள் பல. திறப்பறிவின் குறையும் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது. தொடக்கத்தில் இடர்ப்பட்ட நிலையிலிருந்து மீண்டு வரவேண்டிய கட்டாயம் அவருக்குப் பலமுறை நேர்ந்தது. அவ்வாறு மீண்டதில் அவருடைய தற்காப்புத் திறன் ஒளிர்ந்தது என்பது உண்மை. மீள இயலாமல் இழந்த ஆட்டங்களும் உண்டு என்பதும் உண்மை. திறப்புகளைக் கற்காமையால் அவர் பெரியவரானார் என்று எண்ணுவது தவறு. கற்க வாய்ப்பின்றியும் அவர் பெரியவரானார் என்பதே சரி. அவ்வாய்ப்பு இளமையிலேயே வாய்த்திருந்தால் அவர் எட்டியிருக்கக்கூடிய உயரத்தை இன்று யாரும் அளந்து கூற இயலாது.

பலகையை விட்டு விலகல்

1933-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். ஐரோப்பிய அரங்கில் அவர் ஆடிய காலம் ஐந்தாண்டுகளுக்கும் குறைவு. ஆட்டத்திறன் முதிர்ந்துவந்த வேளையில், முப்பது வயதளவில், உலகச் சதுரங்கத்திலிருந்து அவர் விலகினார். அந்நாளில் போட்டிகளுக்குக் கடல் கடந்து சென்று திங்கள் கணக்கில் தங்க வேண்டியிருந்தது. ஆதரவாளர் இன்றி அது கைகூடாது. இன்று ஓர் இளம் ஆட்டக்காரரைத் தாங்கி நிற்கும் கழகமும் அரசும் பயிற்சி மையமும் அன்று அவருக்கு இல்லை.

1935-ஆம் ஆண்டு இந்தியாவில் வி. கே. காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றை மட்டும் சமன்செய்து, ஏனையவற்றில் வென்றார். அதன்பின் பெரும்போட்டிகளில் அவரைக் காண இயலவில்லை. தம் நிலத்தில் வேளாண்மை செய்து அமைதியாக வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பயிற்றவில்லை என்றும், வாழ்வில் அதனினும் பயனுள்ள பணிகளைத் தேடுமாறு கூறினார் என்றும் அவருடைய மகன் நினைவுகூர்ந்துள்ளார். முன்னாள் உலக வாகையரை வீழ்த்திய ஒருவர் அவ்வாறு கூறியதன் பின்னணியில் எத்தகைய பட்டறிவு இருந்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் சர்கோதாவில் காசநோயால் மறைந்தார்.

காலம் தந்த பட்டம்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950-ஆம் ஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை முறைப்படி வழங்கத் தொடங்கியது. முன்னர்ச் சாதனை புரிந்த மூத்தவர் சிலருக்கும் அப்பட்டம் அளிக்கப்பட்டது. சுல்தான் கான் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார். எனினும், அப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 2024-ஆம் ஆண்டு, கூட்டமைப்பு அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிப் பெருமைப்படுத்தியது.

சுல்தான் கான் விட்டுச்சென்ற இடத்திலிருந்து இந்தியச் சதுரங்கம் மெல்ல எழுந்தது. தமிழகத்தில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார். சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகிப் பின்னர் உலக வாகையரும் ஆனார். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இன்று திறப்புகளைப் பற்றிய அறிவு கணினி வழியே எல்லார் கைக்கும் எட்டுகிறது. இலட்சக்கணக்கான ஆட்டங்களை ஒரு மாணவர் தம் வீட்டிலிருந்தே காணலாம். சுல்தான் கானுக்கு வாய்க்காத நூலகம் நமக்கு வாய்த்திருக்கிறது.

அத்தகைய செல்வம் கைவரும்போது வேறோர் இடரும் உடன் வருகிறது. கணினி காட்டும் நகர்வுகளை இருபது, முப்பது எனக் காரணம் அறியாமல் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, எதிராளி ஒரு சிறு கிளையில் திரும்பியதும் திகைத்து நிற்பவர் பலர். நூலறிவு இன்றித் தவித்தவர் சுல்தான் கான்; நூலறிவு நிறைந்தும் தவிப்பது நம் காலத்துக் குறை. ஓரச் சிப்பாயை ஓரடி நகர்த்தும்போது, அது எந்தக் கட்டத்தை அடைக்கிறது, எந்தக் குதிரையைக் காக்கிறது என்று அறிந்து நகர்த்துவதே கல்வி. சதுரங்கத்திற்கு மட்டுமன்று, எந்தப் பாடத்திற்கும் இது பொருந்தும். முன்னோர் வகுத்த பெருவழியைக் காரணத்தோடு கற்றவருக்கே, அதனின்று விலகிப் புதிய வழி காணும் உரிமையும் துணிவும் வாய்க்கும்.